ஐந்து நாளும் பச்சை

செப்டம்பர் 3, புதன்

இன்று எட்டுப் பேர் வகுப்புக்கு வரவில்லை. எட்டுப் பேருக்கும் நான்தான் வந்தேன்.

நாற்பத்து நாலு வயதில் ஆய்வகத்தில் வண்டி ஓட்டுகிறேன். சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் எட்டுப் பேரின் பெயரிலும் உள்ளே நுழைய வேண்டும். நடுவில் திடீரென்று ஒரு பெட்டி வரும், ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். முப்பது நொடிக்குள் ‘ஆம்’ என்று தட்டவேண்டும். தட்டினால் பெயருக்கு எதிரே பச்சை, தவறினால் சிவப்பு. இன்று எட்டும் பச்சை.

நான்கு மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் இணையவழி முதுகலைப் படிப்பு இது. தரவு அறிவியல். புள்ளியியலைப் பக்கத்து மாநிலத்திலிருந்து பேராசிரியர் ஹெக்டே எடுக்கிறார், மற்றத் தாள்களை மற்ற மாநிலத்தார். எங்கள் மையத்தில் முப்பத்திரண்டு பேர். ஆய்வகத்தில் வந்து உட்கார்ந்தும் பார்க்கலாம், வீட்டிலிருந்து போனிலும் பார்க்கலாம். நான் மைய ஒருங்கிணைப்பாளர், அமலோற்பவம், எம்.எஸ்ஸி., எம்.ஃபில். பெயர்ப்பலகை பெரிது. வேலை பதினொரு மாத ஒப்பந்தம், அதுவும் பதினாலு வருஷமாக.

மையத்தின் வருகை எண்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஆண்டு இடங்களைப் பிடுங்கி வேறு மாநிலத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் இந்த வண்டி. நான் ஒருத்தி மட்டும் செய்வதில்லை. ஒருங்கிணைப்பாளர்கள் நாலு பேருக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. போன மாதம் ஒருவர் தான் நாற்காலியில் ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் இதுவும்.

கடவுச்சொல்லெல்லாம் நான் போட்டதுதான். பதிவு எண்ணின் கடைசி நாலு இலக்கமும் பிறந்த வருஷமும். ஒருவர்கூட மாற்றவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஒன்பது பேர். ஆச்சரியம், அதில் பாண்டிமீனாவும் ஒருத்தி. அந்தப் பெண் ஒரு நாளும் தவறியதில்லை. ஊரில் போனில் பேசலாம், இணையம் மட்டும் வராது என்று வார நாட்களில் இங்கே பெண்கள் விடுதியில் தங்கி, எட்டரைக்கே ஆய்வகத்துக்கு வந்து முதல் கணினியைப் பிடித்துக்கொள்வாள். வெள்ளி மாலை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவாள். அப்பா கரிமூட்டம் போட்டு, விறகைக் கரியாக்கி விற்கிறவர்.

காய்ச்சலாக இருக்கும். சிவப்பு விழுந்தால் பதினொரு மணிக்குத் தானாகவே வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும், ‘உங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை’ என்று. பாவம், எதற்கு வீணாக அவள் திட்டு வாங்கவேண்டும்? அவள் கணினியிலேயே உட்கார்ந்து அவளுக்கும் தட்டினேன்.

அடுத்த வாரம் வியாழன் நாலு மாநிலத்து ஆய்வுக்குழு வருகிறதாம். அறிக்கை நன்றாக வந்தால் என் பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாக இயக்குநர் நல்லபெருமாள் சார் சொன்னார். முன்பும் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இந்த முறை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பத்துப் பேர். கால் வலி. தண்ணீர் வரவில்லை, லாரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

ஹெக்டே சாருக்குப் புதுக் கிறுக்கு பிடித்திருக்கிறது. மாதம் ஒரு கேள்வியாவது ஒவ்வொருவரும் கேட்கவேண்டுமாம், அதற்கும் மதிப்பெண்ணாம். எங்கள் பிள்ளைகள் வாயைத் திறப்பார்களா? ஆறு பேருக்கு நானே எழுதினேன். ‘நன்றி சார்’, ‘மறுபடி விளக்குங்கள் சார்’ என்று ஒப்புக்கு.

பாண்டிமீனா இன்றும் இல்லை. அவள் பெயரில் அப்படி அசட்டுத்தனமாகக் கேட்க மனம் வரவில்லை. ‘பட்டியலில் சில பேருடைய விவரம் இல்லாமல் போனால், அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடலாமா சார்?’ என்று கேட்டேன். ஹெக்டே சார் குளிர்ந்துபோனார். இருபது நிமிஷம் அதற்கே பதில் சொன்னார். யார் இந்தப் பெண், எந்த மையம் என்று விசாரித்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

தண்ணீர் லாரி காலை ஆறு மணிக்கு வந்தது. பதினைந்து குடம் மாடிக்குத் தூக்கினேன்.

பாண்டிமீனாவுக்கு வாட்ஸப்பில் ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. இணையம் வராத ஊர்.

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் பாண்டிமீனாவின் அப்பா வந்தார். பெயர் சாத்தையா. கைவிரல் மடிப்பிலெல்லாம் கரி. காலணியை ஆய்வக வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“புள்ளயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். திங்கக்கெழமையில இருந்து போனு சுவிச் ஆப்புன்னே வருது. சார்ஜு போட மறந்துருப்பான்னு இருந்துட்டேன். விடுதியில போயி கேட்டா, திங்கக்கெழம வரவே இல்ல, வீட்டுல இருக்கும்னுல நெனச்சோம்ங்கிறாக.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“வகுப்புக்கு வரலன்னா மெசேஜு வரும்னு சேக்கும்போது நீங்கதான மேடம் சொன்னீக? அது வரலையே, அப்ப வகுப்புல இருக்கான்னுதான் தைரியமா இருந்தேன். வந்தாளா மேடம்?”

வருகைப் பட்டியலைத் திறந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஐந்து நாளும் பச்சை.

அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. “இந்தா இருக்குல்ல” என்றார். விடுதியில் பிடிக்காமல் தோழி யார் வீட்டிலாவது தங்கிப் போன் வழியாகப் பார்த்திருக்கலாம், இணைய வகுப்புதானே, எங்கிருந்தும் சேரலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். புதன்கிழமை அவள் கேட்ட கேள்வியும் பட்டியலில் இருந்தது. “என்னமோ கேட்டுருக்காளே!” என்றார்.

தோழி வீட்டில்தான் இருப்பாள். வயசுப் பெண்.

செப்டம்பர் 13, சனி

எந்தத் தோழி வீட்டிலும் இல்லை. சாத்தையா போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். எஸ்.ஐ. ஷர்மிளா பானு வந்தார். சின்ன வயது, சுறுசுறுப்பானவர். வருகைப் பட்டியலை அச்செடுத்துக் கேட்டார். நல்லபெருமாள் சார் பக்கத்திலேயே நின்றார். அச்செடுத்து, மையத்தின் முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எஸ்.ஐ. ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்தார்.

“வழக்கமான கேஸ்தான் மேடம். திங்கக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்புது, விடுதிக்குப் போகல, ஆனா வெள்ளி வரைக்கும் க்ளாஸ் மட்டும் விடல. அப்பா தேடுறாருன்னு தெரிஞ்சா இனி அதையும் நிறுத்திடும். யார் கூடவோ எங்கயோ பத்திரமாத்தான் இருக்கு. படிப்பு மேல ஆசையுள்ள பொண்ணு, பாவம்.”

எந்த இடத்திலிருந்து சேர்ந்தாள் என்று கண்டுபிடிக்கமுடியுமா என்று கேட்டார். சேவையகம் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கடிதம் எழுதி, அவர்கள் பதிவாளர் ஒப்புதல் கொடுத்து வர எப்படியும் பதினைந்து நாள் ஆகும் என்றேன். உண்மைதான், அவ்வளவு நாள் ஆகும். பதிலில் எந்த முகவரி வரும் என்பதை அவர் கேட்கவில்லை.

அவர் போனபிறகு நல்லபெருமாள் சார் கதவைச் சாத்தினார். “வியாழக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காதீங்கம்மா. உங்களுக்கும் நல்லதில்ல, முப்பத்தோரு பிள்ளைங்களுக்கும் நல்லதில்ல” என்றார். நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. வந்து அலமாரியை எல்லாம் இறக்கித் துடைத்தேன். மூன்று வருஷத்துப் பழைய வினாத்தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பதினொரு பேருக்கு வண்டி ஓட்டினேன். அவளுக்கு ஓட்டவில்லை. எப்படி ஓட்டமுடியும்?

பதினொன்று ஐந்துக்குப் போன்.

“மேடம், மெசேஜு வந்துருக்கு. இன்னைக்கு வகுப்புக்கு வரலையாமே எம் புள்ள?”

ஆமாங்கய்யா என்றேன்.

“போன வாரம் பூரா வந்தாள்ல மேடம். இன்னைக்கு என்ன ஆச்சு அவளுக்கு?”

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவருக்கு மெசேஜ் போகாதபடி எண்ணை நீக்கப் பார்த்தேன். நீக்குவதற்கும் பக்கத்து மாநிலத்துக்குத்தான் எழுதவேண்டுமாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எஸ்.ஐ. மறுபடி வந்தார். பாண்டிமீனாவோடு பேசிப் பழகிய பையன்கள் யார் என்று பிள்ளைகளைக் கேட்டார். யாரும் இல்லை. போகும்போது டீ குடித்துக்கொண்டே பொதுவாகப் பேசினார்.

“அடையாளம் தெரியாதவங்க லிஸ்ட்டும் பாத்துட்டேன் மேடம். பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனையில ஒரு பொண்ணு நினைவில்லாம கெடக்குது. நாலுவழிச் சாலையில பஸ் மாறப் போனப்ப ஏதோ வண்டி அடிச்சிட்டுப் போயிருக்கு. பையி, போனு எதுவும் இல்ல. தலையில கட்டு, முகமெல்லாம் வீங்கிக் கெடக்குதாம். அவங்கப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, அது எட்டாம் தேதி காலையிலயே அடிபட்ட கேஸ். உங்க பொண்ணு அதுக்கப்புறம் அஞ்சு நாள் க்ளாஸ்ல இருந்துருக்கு, கேள்வியே கேட்டுருக்கு. அந்த மனுஷனை எதுக்கு அலைய விடணும்னு விட்டுட்டேன்.”

வயது எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.

“முப்பதுக்குப் பக்கம்னு எழுதியிருக்காங்க.”

பாண்டிமீனாவுக்கு இருபத்தொன்று. முப்பது என்றால் முப்பதுதான், டாக்டர்களுக்குத் தெரியாதா? அந்த வழியில் நாளைக்கு ஆயிரம் பேர் பஸ் மாறுகிறார்கள். வேறு யாரோ.

எஸ்.ஐ. டீ நன்றாக இருந்தது என்றார்.

செப்டம்பர் 17, புதன்

ஆய்வகத்துக்கு வெள்ளை அடித்தார்கள். பேனரில் நாலு பல்கலைக்கழகத்துச் சின்னங்களும் ஒரே அளவில் இல்லை என்று திருப்பி அனுப்பினோம். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இரவு சாப்பிடவில்லை. பசி இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

குழுவில் ஏழு பேர். பொன்னாடை, பூங்கொத்து, முந்திரி பக்கோடா. எங்கள் மையத்தின் வருகை தொண்ணூற்றாறு சதவீதம், நாலு மாநிலத்திலும் முதலிடம். கைதட்டினார்கள். இன்னும் இரண்டு மாநிலங்கள் கூட்டில் சேரப்போகின்றன, உங்கள் மையத்தை அவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவோம் என்றார் தலைவர். நல்லபெருமாள் சார் என் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே வாழ்த்துச் சொன்னார்.

ஹெக்டே சாரும் வந்திருந்தார். திரையில் பார்ப்பதைவிடக் குள்ளம், நல்ல மனிதர். முதல் வேலையாக, அந்தக் கேள்வி கேட்ட பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றார். அவளுக்கு என்று ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பாண்டிமீனா விடுப்பில் இருக்கிறாள் என்றார் இயக்குநர். புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். பக்கோடாத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் புத்தகத்தை என் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பதினாலு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷப்படவேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

சாத்தையா வந்தார். இந்த முறை நான் சொல்லாமலேயே உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

“ஊருல அசிங்கமாப் பேசுறாக மேடம். பேசிட்டுப் போறாக. ராவு பகலா யோசிச்சேன். எம் புள்ள எங்கயோ நல்லாத்தான் இருக்கா. ஓடுனவ அஞ்சு நாளு வகுப்புல உக்காந்து, கேள்வியும் கேட்டுருக்கான்னா, படிப்ப விட மனசில்லன்னுதான அர்த்தம்? நான் போலீசுக்குப் போனதுந்தான் பயந்துபோயி வகுப்ப விட்டுட்டா. திங்கக்கெழம போயி கேச வாபஸ் வாங்கிடப் போறேன். தேடலன்னு தெரிஞ்சா வகுப்புக்கு வந்துருவா. நீங்க மட்டும் அவ பேர அடிச்சுறாதீக மேடம். எடம் இருக்கட்டும்.”

அப்புறம், அவள் கேட்ட கேள்வி என்ன என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். “விட்டுட்டுக் கணக்குப் போடலாமான்னு கேட்டாளாக்கும்” என்று தனக்குள் சொல்லிச் சிரித்தார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இவரும் தேடுவதை நிறுத்திவிட்டால் இனி அவளை யார் தேடுவார்கள்?

செப்டம்பர் 20, சனி

இட்லிக்கு அரைத்தேன். ரவிக்கை தைக்கக் கொடுத்ததை வாங்கினேன். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நாள் போயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு எஸ்.ஐ.க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, கடவுச்சொல், பச்சை, கேள்வி. எட்டாம் தேதி முதல் அவள் இந்த ஆய்வகத்துக்குள் வரவில்லை. எங்கிருந்தும் எதிலும் சேரவில்லை.



“செவ்வாய்க்கிழமை உங்க முன்னாடி உக்காந்து டீ குடிச்சேனே மேடம்” என்றார். வைத்துவிட்டார்.

இருபது நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் மரியாதை போயிருந்தது. அந்தப் பெண் நேற்றுக் காலை ஆறேகாலுக்கு இறந்துவிட்டாளாம். உடல் பிணவறையில் இருக்கிறதாம். நாளைக் காலை அப்பாவை அழைத்து வருகிறேன், நீயும் வந்து சேர் என்றார்.

வேறு யாராகவும் இருக்கலாம். முப்பது வயது என்றுதானே எழுதியிருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

பாண்டிமீனாதான். இடது மணிக்கட்டில் சின்ன வயதில் கரிமூட்டத்தில் சுட்ட தழும்பு இருந்தது. அதைப் பார்த்தபிறகு சாத்தையா முகத்தை மூடியிருந்த துணியை விலக்கச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஸ்.ஐ. அவரை வெளியே கூட்டி வந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்தார். நடுத்தர வயது. என்னை அம்மா என்று நினைத்துவிட்டார். இல்லை, காலேஜில் என்றேன்.

“பன்னெண்டு நாளா யாராச்சும் வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தோம். ரெண்டு தடவ கண்ணு முழிச்சுச்சு. பதினாலாந் தேதி ஞாயித்துக்கெழம ஒரு தடவ, வியாழக்கெழம ஒரு தடவ. யாரையோ தேடுற மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் பாத்துச்சு. பேரு கேட்டோம், வாய் வரல. ஏன் யாருமே வரல?”

“எங்கயோ நல்லா இருக்கான்னுல்லம்மா நெனச்சேன்” என்றார் சாத்தையா. “வகுப்புல இருந்தாளே. அதுக்கப்புறம் எப்பம்மா அடிபட்டா?”

நர்ஸுக்குப் புரியவில்லை. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை, எனக்காக வைத்திருந்தார். “நீயே சொல்லு” என்றார்.

பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

“அய்யா, அந்த வாரம் அவ வகுப்புக்கு வரவே இல்ல. திங்கக்கிழமை காலையிலயே அடிபட்டுட்டா. அவ பேர்ல நான்தான் உள்ள போனேன். அந்தப் பச்சையெல்லாம் நான் போட்டது.”

“புதன்கெழம கேள்வி கேட்டது?”

“நான்தாங்கய்யா.”

கோபப்படுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரல்விட்டு நாள் எண்ணினார். சனியிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போய் நின்றார்.

“பன்னெண்டாந் தேதி ஒங்க முன்னால வந்து நின்னேன். அன்னைக்கு எம் புள்ள இங்க கட்டில்ல உசுரோட கெடந்துருக்கா. அதுக்கப்புறமும் எட்டு நாளு கெடந்துருக்கா.”

“ஆமாங்கய்யா.”

“நான் கேட்டப்பவே ஒங்களுக்குத் தெரியும், அவ வகுப்புல இல்லன்னு.”

“தெரியும்” என்றேன்.

அவர் எழுந்துகொண்டார். கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் எங்கே என்று எஸ்.ஐ.யைக் கேட்டார். மூன்று இடத்தில் போட்டார். உடலை வண்டியில் ஏற்றும்போது நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். “நீங்க தொடாதீக” என்றார். கத்தாமல்தான் சொன்னார். நான் கையை எடுத்துக்கொண்டேன். நர்ஸ் வந்து பிடித்தார்.